பழைய டவல்ல சிமெண்ட் தொட்டி: காய வைக்காதீங்க, ஊற வைங்க

வீட்ல நைஞ்சு போன டர்க்கி டவல் இருந்தா தரை துடைக்கப் போட்டுறாதீங்க, சிமெண்ட்ல முக்கி எடுத்தா மாடியில வைக்க சூப்பரா ஒரு பூந்தொட்டி ஆகிடும். கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போடுவாங்கள்ல, அதே வேலைதான் இது, துணி வடிவத்த பிடிச்சுக்கும், மாவு இறுகி பலம் குடுக்கும். சித்த வைத்தியத்துல மருந்த நெருப்புல எரிச்சு புடம் போடுறப்போ பாத்திரத்து வாய மூடி துணியில மண்ண குழைச்சு பூசி சீலைமண் செய்வாங்க, ஏழு சுத்து வரைக்கும் கூட செய்வாங்க. அங்க மண்ணு, இங்க சிமெண்ட்.

நான் இதுவரைக்கும் பதினோரு தொட்டி செஞ்சிருக்கேன், அதுல மூணு குப்பைக்குப் போச்சு. மொத தொட்டிய குத்தாலத் துண்டுல செஞ்சேன், மறுநாள் வாளியில இருந்து தூக்குனா அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு, அது அவ்ளோ மெல்லிசு துணி, சிமெண்ட்ட பிடிக்கவே பிடிக்காது. ரெண்டாவது நல்ல டவல்தான், செஞ்ச அடுத்த நாளே மே மாச வெயில்ல மாடியில "காய" வச்சேன், சாயங்காலம் தொட்டுப் பாத்தா கல்லு மாதிரி இருந்துச்சு, உடனே பெயிண்ட் அடிச்சு செடியும் வச்சாச்சு. ரெண்டு வாரத்துல விளிம்பெல்லாம் ரஸ்க் மாதிரி உதிர ஆரம்பிச்சது. பக்கத்து வீட்ல பூச்சு வேலை பாத்துட்டு இருந்த கொத்தனார் அண்ணன்கிட்ட காமிச்சேன், சிரிச்சுட்டாரு. "அக்கா, சிமெண்ட் காஞ்சு இறுகாது, தண்ணி குடிச்சுதான் இறுகும், நீங்க வெயில்ல போட்டு அத தாகத்துல விட்டுட்டீங்க"ன்னாரு. மூணாவது ஏன் போச்சுன்னா மழைக்காலம் பூரா மாடிப்படிக்கு அடியில பிரிச்சு வச்சிருந்த சிமெண்ட் மூட்டை, உள்ள உருண்டை உருண்டையா கட்டி, சலிச்சு போட்டா சரியாகிடும்னு நெனச்சேன், ஆகல.

அந்த ரெண்டாவது தொட்டி விஷயம்தான் முக்கியம். நிறைய வீடியோல இன்னிக்கு முக்குறாங்க, நாளைக்கு வாளிய உருவுறாங்க, நாளன்னிக்கு செடி. அப்படி செஞ்சா பாக்க தொட்டியாதான் இருக்கும், ஆனா ஒரு மழைக்காலம் தாங்காது. சிமெண்ட்டும் தண்ணியும் சேந்து ரசாயன மாற்றம் நடந்துதான் அது கல்லாகுது, தண்ணி ஆவியாகி போயிட்டா அந்த மாற்றம் பாதியில நின்னுடும். கட்டடத்துல தளம் போட்டா பாத்தி கட்டி தண்ணி நிப்பாட்டுறது இதுக்குத்தான். நம்ம தொட்டியோ நாலஞ்சு மில்லிமீட்டர் கனம்தான், அரை நாள் வெயில்லயே ஈரம் பூரா போயிடும், அதனால தளத்துக்கு விட இதுக்குத்தான் அதிகமா ஊத்தணும்.

சரி, சாமான். மூட்டையா வாங்காதீங்க, ஹார்டுவேர் கடையில கிலோ கணக்குல சில்லறையா தருவாங்க, 5 கிலோ போதும். 53 கிரேடு ஓபிசி, அதாவது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், கிடைச்சா சீக்கிரம் பிடிக்கும், இல்லன்னா பிபிசின்னு இன்னொரு வகை வாங்குங்க, அதுல ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரி எரிச்ச சாம்பல், கலந்திருக்கும், மெதுவா பலம் ஏறும் ஆனா ஏறும். கடைக்காரர் எந்த மூட்டைல இருந்து அள்ளுறாருன்னு ஒரு கண்ணு வைங்க, மூட்டை மேல தயாரிச்ச வாரம், மாசம் அடிச்சிருக்கும், மூணு மாசத்துக்கு மேல ஆனத வேண்டாம்னு சொல்லிடுங்க. கையில அள்ளிப் பாத்தா மாவு மாதிரி வழுக்கிட்டு போகணும், நறநறன்னு கட்டி தட்டுப்பட்டா பழசு.

துணியில டர்க்கி டவல அடிச்சுக்க எதுவும் இல்ல, அந்த குட்டி குட்டி நூல் வளையம் எல்லாம் சிமெண்ட்ட உறிஞ்சி பிடிச்சுக்கும். பழைய காட்டன் போர்வை, கனமான ஜமக்காளம் கூட ஓகே. சாக்கும் ஆகும், மேல்பூச்சு கூடுதலா குடுக்கணும், அந்த முரட்டுத்தனமும் ஒரு அழகுதான். பாலியஸ்டர் பெட்ஷீட், நைலான் சேலை வேண்டவே வேண்டாம், உறிஞ்சாம வழிஞ்சு ஓடிடும். எண்ணெய் தேச்சு குளிச்சுட்டு தலை துவட்டுன டவலா இருந்தா சோப்புத்தூள் போட்டு வெந்நீர்ல ஒரு தடவை நல்லா அலசிடுங்க, எண்ணெய் பிசுக்கு இருக்கிற இடத்துல சிமெண்ட் ஒட்டாம உரிஞ்சு வரும். நல்ல டவல எடுத்தா என்னாகும்னு கேக்காதீங்க, எங்க அத்தை ரெண்டு நாள் பேசல.

அச்சுக்கு காலியான பெயிண்ட் வாளி. இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க, கொஞ்சம் கணக்கு போடணும். டர்க்கி டவல் பொதுவா 75க்கு 150 செ.மீ. இருக்கும், அப்படியே போட்டா ரெண்டு பக்கம் வேட்டி மாதிரி தொங்கும், அதனால நடுவுல வெட்டி 75க்கு 75 சதுரமா ரெண்டு துண்டாக்கிக்கோங்க, ரெண்டு தொட்டி ஆச்சு. வாளியோட அடிப்பாகம் 20 செ.மீ. விட்டம்னு வைங்க, கவுத்து மேல துணிய போட்டா பக்கத்துல 27 செ.மீ. கிட்ட தொங்கும், ஆனா மூலையில 43 செ.மீ. தொங்கும். வாளி உயரம் முப்பது செ.மீ. கூட இல்லன்னா மூலை நாலும் தரையில மடிஞ்சு சொதசொதன்னு கிடக்கும். அதனால வாளிய ஒரு ஹாலோ பிளாக் மேலயோ பழைய ஸ்டூல் மேலயோ கவுத்து வைங்க, துணி காத்துல தொங்கணும். மூலை வேண்டாம், விளிம்பு சமமா பூ மாதிரி விரியணும்னா துணிய வட்டமா வெட்டிக்கலாம். எனக்கு அந்த நாலு மூலை கூர்மைதான் பிடிச்சிருக்கு.

வாளி மேல ஒரு பாலிதீன் கவர் இறுக்கமா கட்டிடுங்க, இல்லன்னா தொட்டியும் வாளியும் ஜென்மத்துக்கும் பிரியாது. கவர் மேல லேசா தேங்காய் எண்ணெய் தடவுனா இன்னும் சுலபம். தண்ணி வடியிற ஓட்டைய இப்பவே யோசிச்சுடுங்க, முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புல கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எண்ணெய் தடவி வாளி அடியில நட்டநடுவுல டேப் போட்டு நிக்க வைங்க, துணி நடுவுல கத்தரியால கூட்டல் குறி மாதிரி வெட்டி பைப்பு அதுல நுழையிற மாதிரி போட்டா போதும். அப்புறமா ட்ரில்லிங் பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா ட்ரில்லிங் மெஷின் அதிர்ச்சியில அடிப்பாகமே விரிசல் விட வாய்ப்பு இருக்கு.

கையில ரப்பர் க்ளவுஸ் கண்டிப்பா போடுங்க. சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்லல, ஈர சிமெண்ட்டுக்கு சுண்ணாம்பு காரம் ரொம்ப அதிகம், உடனே எரியாது, ராத்திரிதான் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி எரியும். பொடிய கொட்டும்போது மூக்குல மாஸ்க், காத்தடிக்கிற பக்கம் முதுக காட்டி நில்லுங்க, குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.

கலக்கறதுக்கு முன்னாடி டவல வெறும் தண்ணியில நனைச்சு நல்லா பிழிஞ்சு வச்சுக்கோங்க. இத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. காஞ்ச டவல அப்படியே சிமெண்ட்ல போட்டா அது தண்ணிய மட்டும் சரக்குன்னு உறிஞ்சிடும், வெளிய இருக்கற கலவை கெட்டியாகி உள்ள இறங்காது, பாக்க பூசுன மாதிரி இருக்கும், உள்ள வெறும் துணி.

ஒரு சதுரத்துக்கு 2 கிலோ சிமெண்ட், 1 லிட்டர் தண்ணி. பழைய டப்புல மொதல்ல தண்ணிய ஊத்திட்டு சிமெண்ட்ட கொஞ்சம் கொஞ்சமா தூவி கலக்குங்க, மாறிப் போட்டா அடியில கட்டி தங்கும். பதம் எப்படின்னா தோசை மாவு, இட்லி மாவு அளவுக்கு கெட்டி வேண்டாம், ஆப்ப மாவு அளவுக்கு தண்ணியும் வேண்டாம். க்ளவுஸ் போட்ட விரல முக்கி எடுத்தா க்ளவுஸ் கலர் தெரியக்கூடாது, அதுதான் டெஸ்ட். தண்ணி கூடினா கலக்க சுகமாதான் இருக்கும், ஆனா பலம் அவ்ளோக்கவ்ளோ குறையும், அதனால கெட்டியா இருக்கேன்னு டம்ளர் டம்ளரா ஊத்திட்டே போகாதீங்க.

டவல முக்கி துணி துவைக்கிற மாதிரி ரெண்டு நிமிஷம் கசக்குங்க, கலவை நார் நாரா உள்ள இறங்கணும். தூக்கி லேசா வழிய விட்டு, பிழியாம, நடுப்பாகத்த பைப்பு மேல பொருத்தி வாளி மேல போடுங்க. தனியா செய்யறவங்க திண்டாடுவீங்க, ஊறுன டவல் நெனச்சத விட கனக்கும், இன்னொரு ஆளு ரெண்டு மூலைய பிடிச்சா நல்லது. அடிப்பாகத்த உள்ளங்கையால தட்டி சமமாக்குங்க, பின்னாடி தொட்டி நிக்கப் போறது அதுமேலதான், சுருக்கம் இருந்தா ஆடும். அப்புறம் மடிப்பு. அப்படியே விட்டா மடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒல்லியா தொங்கும், உள்ள மண்ணு போடவே இடம் இருக்காது, அதனால ஒவ்வொரு மடிப்பையும் வெளிப்பக்கமா இழுத்து அகலமா விரிச்சு விடுங்க, பாவாடை கொசுவம் விரியிற மாதிரி. நிக்க மாட்டேங்குதுன்னா உள்பக்கம் தண்ணி பாட்டில் ரெண்டு மூணு செருகி விடலாம். இதெல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க, அதுக்கப்புறம் கலவை பிடிக்க ஆரம்பிச்சிடும், பிடிக்கிற நேரத்துல இழுத்தா உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு எத்தன தடவை பூசினாலும் அந்த இடம் வீக்குதான்.

டப்புல மிஞ்சினத பிரஷ்ல எடுத்து மேல ஒரு பூச்சு. இன்னும் மிஞ்சினா சிங்க்லயோ பாத்ரூம் குழியிலயோ ஊத்திடாதீங்க, பைப்புக்குள்ளயே கல்லாகிடும். பழைய தயிர் கப்புல ஊத்தி வைங்க, தொட்டிக்கு அடியில முட்டுக் குடுக்க குட்டிக் கல்லு ஆச்சு. இட்லித் தட்டுல ஊத்தினா ஷேப் அருமையா வரும்னு எனக்கும் ஆசை வந்துச்சு, ஆனா பழைய அலுமினியத் தட்டா இருந்தா வேண்டாம், ஈர சிமெண்ட்டோட காரம் பட்டு அலுமினியம் நுரை விடும், தட்டும் போகும், கல்லும் ஓட்டை ஓட்டையா இருக்கும்.

எங்க வச்சு செய்யணும்னா நிழல்ல. அக்னி நட்சத்திரத்துல செய்யறத தவிர்க்கலாம், ஐப்பசி அடைமழையில மொட்டை மாடியிலயும் வேண்டாம், மார்கழில இருந்து மாசி வரைக்கும் இதுக்கு நல்ல காலம். துணி போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் மேல ஒரு பாலிதீன் ஷீட் மூடி விடுங்க, ஈரம் வெளிய போகாது. மறுநாள் பைப்ப லேசா திருகி எடுத்துடுங்க. ஓபிசின்னா 24 மணி நேரத்துல வாளிய எடுக்கலாம், பிபிசின்னா ரெண்டு நாள் விடுங்க. தொட்டிய மேல தூக்காதீங்க, வாளியோட சேத்து நிமித்தி வச்சுட்டு வாளிய மட்டும் ஆட்டி ஆட்டி உருவுங்க.

இப்போ ரெண்டாவது பூச்சு. வெறும் சிமெண்ட் இறுகும்போது சுருங்கும், மயிரிழை விரிசல் விழும், அதுக்கு மணல் சேத்தா குறையும். பூச்சு வேலைக்கு வாங்குற பி சாண்ட் இருக்கும்ல, அத மாவு சல்லடையில சலிச்சு, சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, குழம்புப் பதத்துல கலந்து தொட்டிய தண்ணியால நனைச்சுட்டு உள்ளயும் வெளியயும் பிரஷ்ல தடவுங்க. உள்பக்கத்த மறந்துடாதீங்க, ஈர மண்ணு ஒட்டி நிக்கப் போறது அங்கதான், நூல் வெளிய தெரிஞ்சா அதுவழியா தண்ணி ஏறி பருத்தி மெதுவா மக்கும். கலர் வேணும்னா இந்தப் பூச்சுலயே ரெட் ஆக்சைடு பொடி கலந்துக்கலாம், பழைய வீடுகள்ல காவித் தரை போட்டாங்களே அதேதான், சிமெண்ட் எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம. பெயிண்ட் மாதிரி உரியாது.

தொட்டி பெருசா வேணும், எலுமிச்சை மரம் வைக்கணும்னு ஆசைப்பட்டா துணி மட்டும் பத்தாது. வாளி மேல மொதல்ல கோழி வலைய சுத்தி அதுமேல துணி போடணும், அப்புறம் ரெண்டு பூச்சு. இதுல ஒரு வேடிக்கையான சரித்திரம் இருக்கு, ஜோசப் மோனியேன்னு பிரான்ஸ்ல ஒரு தோட்டக்காரர், தன்னோட பூந்தொட்டி உடைஞ்சுட்டே இருக்குன்னு சிமெண்ட்டுக்குள்ள இரும்பு வலை வச்சு தொட்டி செஞ்சு 1867ல பேட்டன்ட் வாங்குனாரு. இன்னிக்கு நம்ம தலைக்கு மேல நிக்கிற கம்பி கட்டுன கான்கிரீட்டுக்கு முன்னோடிகள்ல ஒண்ணு அந்தத் தொட்டி.

பூச்சு போட்ட மறுநாள்ல இருந்து ஊறல். பெரிய டப்போ பழைய பிளாஸ்டிக் டிரம்மோ, தொட்டி முழுசா முங்கணும், பத்து நாள், பிபிசின்னா ரெண்டு வாரம். முங்குற பாத்திரம் இல்லன்னா சாக்கு சுத்தி காலைல சாயங்காலம் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சு மேல பாலிதீன் மூடலாம், ஆனா ஊற வைக்கிறதுல இன்னொரு லாபம் இருக்கு. சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பு வெளிய வரும், தண்ணி வழவழன்னு ஆகி மேல ஆடை கட்டும், சுண்ணாம்புத் தெளிவுல படியுமே அதே ஆடை. அந்தக் காரத்தோட அப்படியே செடி வச்சா வேர் கருகும், இல்லன்னா இரும்புச் சத்த எடுக்க முடியாம இலை மஞ்சளிக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணிய மாத்திட்டே இருந்தா வெளிப்பக்கத்து சுண்ணாம்பு நிறைய போயிடும். தண்ணிய மாத்தாம விட்டா கொசு வேற, ஏடிஸ் கொசுவுக்கு தேங்குன தண்ணின்னா கொண்டாட்டம்.

காரம் போச்சான்னு எப்படித் தெரியும்? ஆரத்தி கரைப்போம்ல, மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு பட்டா செவக்கும், அதே சோதனை. தொட்டி ஒரு நாள் ஊறுன தண்ணிய ஒரு டம்ளர்ல எடுத்து சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்க, இன்னொரு டம்ளர்ல வெறும் குழாத்தண்ணியில அதே அளவு மஞ்சள். மொத நாள் ஊறுன தண்ணி அப்படியே ஆரத்தி மாதிரி செவந்துடும். ரெண்டு டம்ளரும் ஒரே மஞ்சளா தெரியிற வரைக்கும் தண்ணி மாத்திட்டே இருங்க. எனக்கு பொதுவா அஞ்சாறு தடவை மாத்த வேண்டி வரும். அவசரம்னா கடைசி தண்ணியில ஒரு கப் வினிகர் ஊத்தி அரை மணி நேரம் வச்சு அலசிடலாம், அதுக்கு மேல ஊற விட்டா சிமெண்ட்டையே அரிக்கும்.

அப்புறம்தான் நிழல்ல காய விடணும், ரெண்டு நாள். முழு பலம் வர 28 நாள் கிட்ட ஆகும், அதுவரைக்கும் தூக்கி இங்கயும் அங்கயும் மாத்தாம இருந்தா சரி. காஞ்சதும் வெளிய வெள்ளையா பூத்து நிக்கலாம், அது மிச்சமிருக்கிற சுண்ணாம்புதான், பழைய பிரஷ்ல தேச்சா போயிடும். பெயிண்ட் அடிக்கிற ஆசை இருந்தா இந்த 28 நாளுக்கு அப்புறம் வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன், வெளிப்பக்கம் மட்டும்.

மண் கலவை வழக்கம்போலதான், செம்மண், கோகோபீட், மண்புழு உரம் சம பங்கு, ஓட்டை மேல ஒரு உடைஞ்ச ஓட்டுச் சில்லு. செடி எதுன்னா மொத வருஷம் கொஞ்சம் காரம் தாங்குறதா வைங்க, கத்தாழை, பாம்புக் கத்தாழை, பத்துமணிப் பூ, அடீனியம் எல்லாம் எனக்கு நல்லா வந்துச்சு. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் புது தொட்டியில வச்சா இலை வெளிறும், போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா இன்னும் மோசம். ஏற்கனவே வச்சுட்டீங்கன்னா பாட்டிங்க சொல்ற புளிச்ச மோர்தான், தண்ணி கலந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஊத்துங்க.

தொட்டிய நேரா தளத்து மேல வைக்காம அந்த தயிர் கப் கல்லு மூணு மேல வைங்க, ஓட்டை அடைக்காது, தளத்துலயும் ஈரம் தங்காது. பத்து லிட்டர் மண்ணு பிடிக்கிற தொட்டின்னா தண்ணி ஊத்துன பிறகு பதினஞ்சு கிலோவ தாண்டிடும், அதனால நிறைய செய்றவங்க மாடி நடுவுல கும்பலா அடுக்காம சுவரோரமா பீம் போற பக்கம் வரிசையா வைங்க. நகத்தணும்னா அடியில ரெண்டு கையும் குடுத்து தூக்குங்க. அழகா விரிஞ்சு நிக்கிற அந்த விளிம்ப பிடிச்சு தூக்குனா விளிம்பு மட்டும் கையோட வந்துடும், போன வாரம் அத்தை அப்படித்தான் ஒண்ண தூக்குனாங்க, இப்போ பதினோராவது தொட்டிக்கு மூணு மூலைதான்.